கேள்வி – பதில்: பரப்பு, ஹெக்டேயர், மீற்றர்

கேள்வி: காணி உறுதியில் 2 பரப்பு (யாழ்ப்பாணத்து நில அளவு) என்று இருக்கும் வளவை, மகளுக்குச் சீதனம் எழுதுவதற்காக அளப்பித்தோம். வரைபடத்தில் 0.0506 ஹெக்டேயர் என்று வந்திருக்கிறது. காணி குறைந்துவிட்டதா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: குறையவில்லை, எண்தான் சிறுத்திருக்கிறது. ஹெக்டேயரிலிருந்து நேரே பரப்புக்குத் தாவாமல், இடையில் சதுர மீற்றரில் ஒருமுறை நில்லுங்கள். 0.0506ஐ 10,000ஆல் பெருக்கினால் 506 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர்; வகுத்தால் 20 பேர்ச். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. உங்கள் 2 பரப்பு அப்படியே இருக்கிறது.

கவனிக்க வேண்டியது தசமத்தைத்தான். 0.0506ஐ 0.05 என்று சுருக்கி எழுதினால் ஏறக்குறைய 6 சதுர மீற்றர் போய்விடும். எட்டடிக்கு எட்டடி நிலம், ஒரு குளியலறைக்குப் போதும்! நான்கு தசம இடங்களையும் உறுதியில் எழுதச் சொல்லுங்கள்.

குழியிலும் பலர் சறுக்குகிறார்கள். பரப்புக்கு 18 குழி. ஆகவே 2 பரப்பு 9 குழி என்பது 2.5 பரப்பு. அதைக் கணிப்பானில் 2.9 என்று அடித்தால் 7 குழிக்கு மேல் கூடிவிடும். இவையெல்லாம் வரகுப் பரப்பின், அதாவது வரகு விதைக்கும் மேட்டு நிலத்துக்கான பரப்பின் கணக்கு. உறுதியில் நெற்பரப்பு (வயலுக்கான பரப்பு) என்று குறித்திருந்தால் கணக்கு வேறு, நொத்தாரிசிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மீற்றரின் நீளத்தை எதை வைத்து முடிவு செய்தார்கள்?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: பூமியை வைத்து. வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையான தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று 1791இல் பிரான்சில் தீர்மானித்தார்கள். பிரெஞ்சு வானியலாளர்களான டெலாம்பரும் மெஷானும் வட பிரான்சின் டன்கேர்க்கிலிருந்து ஸ்பெயினின் பார்சிலோனா வரை அளந்தார்கள். கிடைத்த மீற்றர் 0.2 மில்லிமீற்றர் அளவில் கட்டை. பிழை தெரிந்த பிறகும் அதை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் வெட்டிய கோல்கள் எல்லாம் வீண். 1875 மே 20இல் 17 நாடுகள் மீற்றர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி 1/299,792,458 செக்கனில் போகும் தூரமே மீற்றர். நம் அடியும் அதில்தான் தொங்குகிறது: ஓர் அடி சரியாக 0.3048 மீற்றர்.

கேள்வி: இரும்பு அளவு நாடாவின் நுனித் தகடு ஆடுகிறது. தட்டி இறுக்கலாமா?
– தச்சுத் தொழிலாளி, மானிப்பாய்

பதில்: தொடாதீர்கள். தகட்டின் தடிப்பு எவ்வளவோ, அவ்வளவுக்கு ஆடும்படிதான் துளையை விட்டிருக்கிறார்கள். பலகையில் கொளுவி இழுக்கும்போது தகடு வெளியே வரும். நிலைக்குள் முட்டி அளக்கும்போது உள்ளே போகும். இரண்டிலும் அளவு சரியாக வருவது அதனால்தான். இறுக்கினால் ஒருபக்க அளவு தகட்டின் தடிப்பளவுக்குப் பிழைக்கும்.