ஜகாத் பணத்தை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லாவில் 420 குடும்பங்கள். ரமலானில் சுமார் 9 லட்சம் ரூபாய் ஜகாத் (கட்டாய தர்மம்) பள்ளிவாசலுக்கு வருகிறது. 27ஆம் இரவுக்குள் 600 பேருக்கு ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்து முடித்துவிடுகிறோம். வாங்குபவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு. ஆனால் எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர், வாராவாரம் தவணை கட்டும் வட்டிக் குழுக் கடனில் இருக்கிறார்கள். "இப்படிப் பிய்த்துக் கொடுப்பதைவிட பைத்துல்மால் (பொது நிதி) ஆக்கி, வட்டியில்லாக் கடனாகச் சுழற்றலாமே" என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்கள் தயங்குகிறார்கள். ஜகாத்தைக் கடனாகக் கொடுக்கலாமா? ஊர்மக்களிடம் சேமிப்பாகப் பணம் வாங்கலாமா? வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் நம்மவர்களிடம் கேட்கலாமா?
— ஜமாஅத் செயலாளர், இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம், காக்கா. இளைஞர்கள் சொல்வதில் பாதி சரி, பெரியவர்கள் தயங்குவதிலும் பாதி சரி. ஊருக்கு வட்டியில்லாக் கடன் அவசியம். ஆனால் அது ஜகாத் பையிலிருந்து போகக் கூடாது. அதற்கென்று தனிப் பை தைக்க வேண்டும்.

ஜகாத் யாருக்கு என்பதைக் குர்ஆனே (9:60) எட்டு வகையாகச் சொல்லி முடித்துவிட்டது. அந்த எட்டில் ஒருவராக ஓர் ஏழை அதை வாங்கிய நொடியிலிருந்து அது அவருடைய சொத்து. மார்க்கம் படித்த ஹஜ்ரத்மார்கள் 'தம்லீக்' என்பது இதைத்தான். "பத்து மாதத்தில் திருப்பிக் கட்டு" என்று சொல்லிக் கொடுத்தால், அவர் கைக்குப் போனது அவர் பணம் ஆகவில்லை. யூசுஃப் அல் கர்ளாவி போன்ற இக்கால அறிஞர்கள் சிலர், எட்டில் ஒன்றான கடனாளிகளின் பங்கிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்க இடமுண்டு என்று ஒப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் இளைஞர்களின் காதுக்கு எட்டியது அதுவாகத்தான் இருக்கும். மறுக்கவில்லை. ஆனால் ஜகாத் கொடுத்தவர் நாளை வந்து "என் கடமை நிறைவேறியதா?" என்று கேட்டால், கருத்து வேறுபாடுள்ள ஒரு பதிலை வைத்துக்கொண்டு நீங்கள் நிற்கக் கூடாது. கடன் வராமல் போனால் சிக்கல் இரட்டிப்பு. யாருடைய ஜகாத் எங்கே நிற்கிறது என்று கணக்குப் புத்தகத்தால் சொல்ல முடியாது. நான் கணக்குப் பார்த்த ஓர் ஊரில் ஜகாத், சதக்கா (விருப்பத் தர்மம்), கடை வாடகை, கடன் தவணை எல்லாம் ஒரே பேங்க் கணக்கில் கிடந்தன. மூன்று வருடக் கணக்கைப் பிரித்தெடுக்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் கமிட்டியே இரண்டாக உடைந்துவிட்டது.

முதலில் அந்த 9 லட்சத்தைப் பேசுவோம். எனக்கு உறுத்துவது அந்த 1,500தான். அந்தப் பணம் பெருநாள் துணிக்கும் மளிகைக் கடை பாக்கிக்கும் போய்விடும். அடுத்த ரமலானில் அதே 600 பேர் அதே வரிசையில் நிற்பார்கள். கலீஃபா உமர் (ரலி) சொன்னதாக ஒரு வார்த்தை உண்டு: "கொடுத்தால் தன்னிறைவு அடையும்படி கொடுங்கள்." உங்கள் ஊர் ஷாஃபிஈ மத்ஹபை (சட்ட வழியை)ப் பின்பற்றும் ஊர் என்பதால் இன்னொன்றும் சொல்லலாம். தொழில் தெரிந்த ஏழைக்குத் தொழிற்கருவி வாங்கும் அளவுக்கு, வியாபாரம் தெரிந்தவனுக்கு அந்த வியாபாரத்துக்கான முதல் அளவுக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று அந்த மத்ஹபின் பெரிய அறிஞர் இமாம் நவவியே எழுதியிருக்கிறார். அந்த இடத்தை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பெரியவர்களின் பாதித் தயக்கம் அங்கேயே தீரும்.

9 லட்சத்தில் 6 லட்சத்தை எடுத்து 10 குடும்பங்களுக்கு ஆளுக்கு 60,000 ரூபாய். இடியாப்பம் அவித்து வீடுவீடாக விற்கும் பெண்ணுக்கு கிரைண்டரும் பெரிய அடுப்பும் முதல் மாதத்து அரிசியும் அதில் வந்துவிடும். வலை கிழிந்து கூலிக்குக் கடலுக்குப் போகிறவருக்குப் புது வலை வரும். பணத்தை, அல்லது வாங்கிய பொருளை, அவர் பெயரிலேயே கொடுத்துவிடுங்கள். திருப்பிக் கேட்கும் பேச்சே வேண்டாம். 2 லட்சம், சம்பாதிக்கவே முடியாத முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும். மிச்சம் 1 லட்சம் கடனாளிகளுக்கு; அதைப் பற்றிப் பிறகு வருகிறேன். பத்துப் பத்துக் குடும்பமாகப் போனாலும் ஐந்து வருடத்தில் 50 குடும்பங்கள். அவர்களில் பாதிப் பேர் நின்றுவிட்டால்கூட உங்கள் வரிசை சுருங்கிவிடும்.

"அப்போ மற்ற 590 பேர்?" என்று கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். பெருநாள் அன்று யார் வீட்டு அடுப்பும் எரியாமல் இருக்கக் கூடாது என்பதற்குத்தான் ஃபித்ரா என்ற பெருநாள் தர்மம். ஆளுக்கு ஒரு ஸாவு, அதாவது இரண்டரையிலிருந்து மூன்று கிலோ அரிசி. 420 குடும்பத்தின் ஃபித்ரா சரியாக வந்தாலே ஊர் ஏழைகளுக்குத் தாராளமாகப் போதும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு சதக்காவிலிருந்து கொடுங்கள். யாருக்கு 60,000 என்பதை ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்திலேயே, வீட்டுக்குப் போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். வரிசையும் போட்டோவும் வேண்டாம்.

ஓர் இடைச்செருகல். ஜகாத் வசூல் 9 லட்சத்திலேயே நிற்பதற்கு நகையும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு மத்ஹபான ஹனஃபியைப் பின்பற்றும் ஊர்களில் பெண்கள் போடும் நகைக்கும் ஜகாத் உண்டு. 40 பவுன் இருந்தால் வருடம் ஒரு பவுன். ஷாஃபிஈ மத்ஹபில், அளவு மீறாமல் அணியும் நகைக்கு இல்லை. ஆனால் 'சேமிப்பு' என்று லாக்கரில் பூட்டிய நகைக்கும் தங்கக் காசுக்கும் அந்த விலக்கு கிடையாது. இதை ஜும்ஆவில் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள். கடைக்காரர்கள் கல்லாப் பணத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு, அலமாரியில் இருக்கும் சரக்கை விட்டுவிடுவதையும் சேர்த்து.

இனி கடன் பை. கர்ழன் ஹஸனா என்று குர்ஆன் சொல்லும் அழகிய கடன். இதற்கு சதக்காவும், "கடன் நிதிக்கே" என்று சொல்லிக் கொடுக்கும் நன்கொடையும்தான் முதல். 5 லட்சம் சேர்ந்தால் போதும், தொடங்கலாம். 15,000 ரூபாய்க் கடன், மாதம் 1,500 வீதம் 10 தவணை. 5 லட்சத்தில் 33 பேருக்குக் கொடுக்கலாம். அடுத்த மாதமே ஏறத்தாழ 49,500 ரூபாய் திரும்பி வரும். அதில் 3 பேருக்குப் புதுக் கடன். ஒரு வருடத்தில் 70 பேருக்கு மேல் தொட்டுவிடலாம். வந்த பணம் திரும்பத் திரும்ப வேலை செய்வது இந்தப் பையில்தான்.

பாகிஸ்தானின் அகுவத் அமைப்பு 2001இல் லாகூரில் இப்படித்தான் தொடங்கியது. டாக்டர் அம்ஜத் சாகிப் கொடுத்த முதல் கடன் ஒரு விதவைக்கு 10,000 ரூபாய். இன்று உலகிலேயே பெரிய வட்டியில்லாச் சிறுகடன் அமைப்புகளில் ஒன்று; அவருக்கு 2021இல் மகசேசே விருதும் கிடைத்தது. அவர்கள் கடனைப் பள்ளிவாசலில், ஊர் பார்க்கக் கொடுத்தார்கள். வாங்கியவருக்கு வெட்கம் என்று சிலர் குறை சொல்வதுண்டு. என் கருத்து வேறு: கடனை ஊரறியக் கொடுக்கலாம், ஜகாத்தை ஊரறியாமல் கொடுக்க வேண்டும். கடன் வாங்குபவர் திருப்பிக் கட்டப்போகிறவர். அதில் தலைகுனிய ஒன்றுமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியதுதான். "நம்ம புள்ள, எழுத்து எதுக்கு" என்று தொடங்கும் கடன்தான் முதலில் நிற்கும். ஊரில் இருவர் ஜாமீன். நகை அடகு வேண்டாம். அடகுத் தொழிலுக்குத் தனி உரிமச் சட்டம் இருக்கிறது, அந்த வழியில் போகாதீர்கள். தவணை தவறினால் அபராதம் கிடையாது. அது வேறு பெயரில் வட்டி. கணக்கெழுதும் ஆளின் சம்பளத்தைத் தனி நன்கொடையாளர் ஒருவரிடம் கேளுங்கள். 'சர்வீஸ் சார்ஜ்' என்று கடன் தொகையில் இரண்டு சதவீதம் பிடிக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உண்மையில் ஆன செலவுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் நீங்கள் தப்பிக்க நினைத்த இடத்துக்கே போய்விடுவீர்கள். கடனை பேங்க் மூலமே கொடுங்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது.

இப்போது அந்த 1 லட்சத்துக்கு வருகிறேன். கடன் வாங்கியவர் விபத்தில் படுத்துவிட்டார் என்று வையுங்கள். குர்ஆன் (2:280) முதலில் அவகாசம் கொடு என்கிறது. விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்கிறது. நிதியே தள்ளுபடி செய்தால் அடுத்தவருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. இங்கேதான் முதல் பை கைகொடுக்கும். அவர் இப்போது கட்ட முடியாத கடனாளி, எட்டு வகையில் ஒருவர். ஜகாத்திலிருந்து அவர் கையில் கொடுங்கள். அவர் தம் விருப்பப்படி கடனை அடைப்பார். நுணுக்கம் ஒன்று: "இதை வாங்கி எங்களுக்கே கட்டு" என்று நிபந்தனை போடக் கூடாது. பாக்கியை அடித்துவிட்டு "இதுவே ஜகாத்" என்று நோட்டில் எழுதவும் கூடாது; பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. இரண்டு பைகளும் தனித்தனியாக இருந்தால்தான் ஒன்று மற்றதைக் காப்பாற்ற முடியும்.

வாரக் குழுவில் மாட்டியிருக்கும் பெண்களுக்கும் இதே பங்கு உதவும். ஆனால் நிலுவையை அடைக்கும் முன், இன்னும் எத்தனை குழுவில் அவர் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறக்கும் நிலையில் இருப்பவருக்கு முதலில் வருமானம் வேண்டும். அவர் பெயர் ஒரே குழுவில்தான் என்றால், அவர் சம்மதத்தோடு நேரடியாகக் கட்டி, கடன் முடிந்ததற்கான சான்றை வாங்கி அவர் கையில் கொடுங்கள். வட்டிப் பகுதியை ஜகாத்திலிருந்து கட்டலாமா என்பதை மட்டும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேமிப்பு வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்காதீர்கள். "வட்டியே இல்லையே, பிறகு எப்படி டெபாசிட் ஆகும்?" என்று கேட்பார்கள். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் பணத்தை, வட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டெபாசிட் என்றுதான் பார்க்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலனுக்கென்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் வேறு இருக்கிறது. அதே 2019இல்தான் பெங்களூரில் 'ஹலால் முதலீடு' என்று சொல்லி வாங்கிய ஒரு நிறுவனம் கவிழ்ந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. உங்கள் எண்ணம் வேறு என்பது எனக்குத் தெரியும், போலீஸ் ஸ்டேஷனில் எண்ணத்தை யாரும் கேட்பதில்லை. பேங்குகளிலேயே வட்டியில்லாப் பிரிவு வரும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. 2008இல் ரகுராம் ராஜன் குழு பரிந்துரைத்தது, 2017இல் ரிசர்வ் பேங்க் அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டது. ஊர்மக்கள் சேமிக்கவே விரும்பினால் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவு செய்து உறுப்பினர்களிடம் வாங்கலாம், அல்லது பெண்கள் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து தங்களுக்குள் சுழற்றலாம். இரண்டையும் முதல் வருடத்திலேயே இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

வெளிநாட்டுப் பணத்தில் பாஸ்போர்ட்தான் கணக்கு. துபாயில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளை இந்தியக் குடிமகனாக இருந்து, தம் சொந்தச் சேமிப்பை பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் மாமா அனுப்பினால் ஆகும், எப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் 100 ரூபாய்கூட வாங்கக் கூடாது. ரசீது போடும்போதே பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். பேங்க் வழியில்லாமல் உண்டியல் (ஹவாலா) வழியாக வரும் பணத்தைக் கையாலும் தொடாதீர்கள்.

கடைசியாகப் பதிவு. ஜகாத்தை ஜமாஅத் கணக்கிலேயே, தனி பேங்க் கணக்காக வைத்திருங்கள். பள்ளிவாசல் கடை வாடகை வக்ஃபு (அறச்சொத்து) வருமானம், வக்ஃபு வாரியத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியது. ஜகாத்திலும் கடன் நிதியிலும் அது கலக்கக் கூடாது. கடன் நிதிக்குத் தனி டிரஸ்ட். அதன் பத்திரத்தில் "எங்கள் மஹல்லா முஸ்லிம்களுக்கு மட்டும்" என்று எழுதிவிடாதீர்கள். ஒரு மதத்தாருக்கு மட்டும் என்று அமைத்த அறக்கட்டளைக்கு வரிவிலக்கு கிடைப்பது கடினம். ஆடிட்டரிடம் வாசகத்தைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜகாத்தை முஸ்லிம்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. அழகிய கடனுக்கு அந்த வரம்பு கிடையாது. உங்கள் மீன் மார்க்கெட்டில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கும் முத்தரையர் வீட்டு அம்மாவும் அதே வாரக் குழுவில்தானே தவணை கட்டுகிறார்.

முதல் 33 பேரின் பட்டியலில் கமிட்டிக்காரர்களின் சொந்தக்காரர் ஒருவர்கூட வேண்டாம் காக்கா. இரண்டாம் சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.