கேள்வி பதில்: ‘பெபே லெ மொக்கோ’வில் அல்ஜீரியர்கள் எங்கே?

கேள்வி: 1937இல் ழுலியேன் துவிவியே இயக்கிய இந்தக் குற்றப்படம், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில், காஸ்பா என்ற பழைய நகர்ப்பகுதியில்தானே நடக்கிறது? பிறகு ஏன் அதில் அல்ஜீரியர்களுக்கு இடமில்லை என்கிறார்கள்?

பதில்: கூட்டமாக இருக்கிறார்கள், கதைமாந்தராக இருப்பவர்கள் மிகக் குறைவு. பாரிஸிலிருந்து தப்பி வந்த கொள்ளையன் பெபே (ழான் கபேன்) காஸ்பாவுக்குள் ஒளிந்திருக்கிறான். தொடக்கத்தில் ஒரு காவல் அதிகாரி, பத்தாயிரம் பேருக்கான இடத்தில் நாற்பதாயிரம் பேர் வாழ்வதாகச் சொல்லி, கபிலியர் (அல்ஜீரியாவின் பெர்பர் இனத்தார்), சீனர், ஜிப்சிகள், ஸ்லாவியர், மால்ட்டாக்காரர், சிசிலியர், ஸ்பானியர் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அரபியர் என்ற பெயர் அந்த வரிசையில் வரவேயில்லை. வீட்டுக்காரரில் பெரும்பாலோரை விட்டுவிட்டு விருந்தாளிகளை எண்ணுவது போன்றது இது.

கேள்வி: ஐயா, உள்ளூர் நடிகர்கள் ஒருவர்கூட இல்லையா?

பதில்: முக்கியப் பாத்திரங்களில் இல்லை. பெபேயுடன் வாழும் ஜிப்சிப் பெண் இனெஸாக, சருமத்தைக் கருமையாக்கிக்கொண்டு நடித்தவர் பிரெஞ்சு நடிகை லீன் நோரோ. காவல் ஆய்வாளர் ஸ்லிமானாக வருபவர் ருமேனியாவில் பிறந்த லூகா கிரிது. காட்டிக்கொடுப்பவனான லார்பியாக வரும் மார்செல் தாலியோ யூதர்; சில ஆண்டுகளில் நாஜிகள் அவர் முகத்தையே யூத வெறுப்புச் சுவரொட்டிகளில் பயன்படுத்தினார்கள் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது. பெயர் சொல்லும்படியான உள்ளூர் ஆண்களில் ஒருவன் போலீஸ்காரன், மற்றவன் உளவாளி என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: படத்திலேயே அறிவாளி ஸ்லிமான்தானே? அது பெருமை இல்லையா?

பதில்: அறிவாளிதான். பிரெஞ்சுப் போலீசார் துப்பாக்கிகளோடு நுழைந்து தோற்றுத் திரும்பும் சந்துகளில், அவர் தனியாகப் போய், பெபேயைக் கைது செய்யப்போவதாக அவனிடமே சிரித்தபடி சொல்லிவிட்டு வருகிறார். பெபே இறந்துவிட்டான் என்று அவன் மனம் பறிகொடுத்த பாரிஸ்காரி காபியிடம் பொய் சொல்லி, இருவரையும் பிரித்து, இறுதியில் சொன்னதைச் செய்தும் காட்டுகிறார். ஆனால் அந்தப் பொறுமையைத் திறமையாகக் காட்டாமல், கீழைநாட்டாருக்குப் பிறவியிலேயே வாய்த்த தந்திரம் என்று படம் காட்டுகிறது. அவருக்கென்று ஒரு வீடோ, உறவோ, ஏக்கமோ கிடையாது. ஏக்கம் முழுவதும் பாரிஸை நினைத்து உருகும் பெபேக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: அந்தச் சந்துகள் நிஜமானவையா?

பதில்: பெரும்பகுதி பாரிஸுக்கு அருகே ழுவான்வீல் ஸ்டூடியோவில் போடப்பட்ட செட். அல்ஜியர்ஸில் எடுத்த காட்சிகளும் இடையிடையே உண்டு.

கேள்வி: 1937ஆம் ஆண்டுப் படத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா?

பதில்: அளவுகோல் அன்றே இருந்தது. 1936இல் பிரதமர் லியோன் ப்ளூமின் அரசு, அல்ஜீரிய முஸ்லிம்களில் ஒரு சிறு பகுதியினருக்கு, அவர்கள் தங்கள் சமயச் சட்டத்தைக் கைவிடாமலேயே முழுக் குடியுரிமை வழங்கும் திட்டத்தை முன்வைத்தது. குடியேறிய ஐரோப்பியரின் கடும் எதிர்ப்பால் அது சட்டமாகவில்லை. அல்ஜீரியர் யார், அவர்களுக்கு என்ன உரிமை என்று ஊரே வாதிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த படம் இது. ஒளிப்பதிவுக்காகவும் கபேனின் நடிப்புக்காகவும் இன்றும் இதைப் பார்க்கச் சொல்வேன். ஆனால் ‘அந்தக் காலம் அப்படி’ என்ற சமாதானத்தை ஏற்கமாட்டேன்.

கேள்வி: காஸ்பாவை அதன் மக்களின் பக்கமிருந்து காட்டும் படம் எது?

பதில்: 1966இல் வந்த ‘அல்ஜியர்ஸ் போர்’. இயக்கியவர் இத்தாலியரான ஜில்லோ பொந்தேகோர்வோ. காஸ்பாவில் விடுதலைப் போராளிகளை வழிநடத்திய சாதி யாசெஃப் அதைத் தயாரித்ததோடு, தம்மையே ஒத்த பாத்திரத்தில் நடித்தும் இருக்கிறார்.