யாருக்கு மதிப்பெண் தேவையில்லை?

வணக்கம் ஐயா,

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர். அப்பா பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். போன மாதம் முதலாளி வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். பேச்சு படிப்பைப் பற்றித் திரும்பியது. "டிகிரி வெறும் பேப்பர்", "மார்க் என்பது பிள்ளைகள் மேல் நடத்தும் வன்முறை" என்றார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை. பட்டிக்காட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்போது பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகனும் யூடியூபில் கேட்டுவிட்டு அதையே சொல்கிறான். இன்ஜினியரிங் வேண்டாமாம், ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறானாம். இவர்கள் இதை மனதாரத்தான் சொல்கிறார்களா, அந்தஸ்து காட்டவா?

எஸ்., திருப்பூர்

*

அன்புள்ள எஸ்.,

மனதாரத்தான் சொல்கிறார்கள். அந்தஸ்து காட்ட ஒருவர் நடிக்க வேண்டிய அவசியமே இல்லை. தன் வாழ்க்கையில் ஒருநாளும் சோதித்துப் பார்க்க நேராத கருத்தை யாரும் முழு மனதோடு நம்பலாம். அந்த விருந்தில் இருந்த எவருக்கும் அந்தக் கருத்தால் ஒரு பைசா நஷ்டம் வந்திருக்காது. பேசும்போது கிடைத்த மரியாதை மட்டும் கையில் தங்கியிருக்கும்.

பணக்காரர்கள் பொருள் வாங்குவது பிறர் பார்க்கவும்தான் என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899-இலேயே எழுதிவிட்டார். நம் ஊரில் ஒரு காலத்தில் வாசலில் நிற்கும் அம்பாசிடர் காரும், கையில் கட்டிய வெளிநாட்டு வாட்சும் போதுமானதாக இருந்தன. இன்று உங்கள் கம்பெனி டெய்லரும் தவணையில் ஐபோன் வாங்கிவிடுகிறார். தவணையில் வாங்க முடியாதவற்றில் ஒன்று கருத்து. இன்ன கருத்தை இன்ன இடத்தில் இன்ன தொனியில் சொல்ல வேண்டும் என்பது பெரிய பள்ளிகளிலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் பழகி வருவது.

இதை விரிவாகப் பேசியவர் ராப் ஹென்டர்சன். கலிஃபோர்னியாவில் வளர்ப்பு வீடுகளில் மாறி மாறி வளர்ந்து, விமானப்படையில் வேலை பார்த்து, அப்புறம் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். சொல்பவருக்கு மதிப்பைக் கூட்டி, அதன் விலையை ஏழைகள் தலையில் கட்டும் கருத்துகளுக்கு 'சொகுசு நம்பிக்கைகள்' என்று 2019-இல் பெயர் வைத்தார். திருமணம் என்பதே காலாவதியான ஏற்பாடு என்று ஒரு யேல் தோழி அவரிடம் சொல்லியிருக்கிறார். உன் வீட்டில் எப்படி என்று கேட்டால், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வளர்த்த பெண். உன் திட்டம் என்ன என்று கேட்டால், அதேபோல் கல்யாணம் செய்துகொள்வதுதான்.

ஹென்டர்சனிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அவர் காட்டும் உதாரணங்களில் பெரும்பாலானவை முற்போக்குப் பேசும் மாணவர்களைப் பற்றியவை. இந்தப் பழக்கத்துக்கு வலது, இடது கிடையாது. உங்கள் முதலாளி வீட்டில் பேசப்பட்ட கருத்தின் பெரிய புரவலர் பீட்டர் தீல், அமெரிக்க வலதுசாரி முதலீட்டாளர். கல்லூரியை விட்டுவிட்டு வரும் இளைஞர்களுக்கு ஒரு லட்சம் டாலர் தரும் திட்டத்தை 2011-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அவரோ ஸ்டான்ஃபோர்டில் தத்துவமும் படித்து, அங்கேயே சட்டமும் படித்தவர். அவர் தேர்ந்தெடுத்தவர்களில் பலர் எம்ஐடி, ஹார்வர்டு போன்ற இடங்களை விட்டு வந்தவர்கள். விட்டு வர வேண்டுமென்றால் முதலில் உள்ளே போயிருக்க வேண்டும் அல்லவா? பில் கேட்ஸை உதாரணம் சொல்பவர்களும் அவருடைய பள்ளியில் 1968-இலேயே கணினி முனையம் இருந்ததையும், அவர் அப்பா சியாட்டிலில் பெரிய வழக்கறிஞர் என்பதையும் விட்டுவிடுகிறார்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போகும் முன்பு, கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகப் போயிருக்கிறேன். ராத்திரி பஸ் பிடித்து வந்த குடும்பங்கள் மரத்தடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தன. பெரிய திரையில் கல்லூரி வாரியாகக் காலியிடம் ஓடும். ஒவ்வொரு இடமாகக் குறைந்துகொண்டே வரும். வேட்டி கட்டிய ஒரு அப்பா என்னிடம் வந்து, "சார், இதுல எது நல்ல காலேஜுங்க?" என்று கேட்டார். அவருக்கு அதைச் சொல்ல சித்தப்பாவோ மாமாவோ யாரும் இல்லை. அவர் கையில் இருந்தது மகளின் கட்-ஆஃப் மட்டும்தான்.

கட்-ஆஃப் இருநூறுக்குக் கணக்கிடப்படும்: கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதில் அரை மதிப்பெண் குறைந்தால் கிண்டி கை நழுவிப் போகலாம். சமமாக வந்தால் கணக்கு மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், அதுவும் சமமென்றால் அடுத்த பாடம், இப்படியே போய்க் கடைசியில் ரேண்டம் எண். இது மனிதத்தன்மை இல்லாத முறை என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணுக்கு அப்பா யார் என்று தெரியாது. நேர்காணல், பரிந்துரைக் கடிதம், 'ஒட்டுமொத்த ஆளுமை' என்று எதை வைத்தாலும் அதில் அப்பா யார் என்பது நுழைந்துவிடும்.

மனப்பாடத்தைப் பற்றிய விமர்சனத்திலும் எனக்கு உடன்பாடுதான். பிராய்லர் பள்ளிகள் என்று நாம் சொல்கிற இடங்களில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே படிக்க வைத்த கொடுமை நமக்குத் தெரியும். பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். அதனால் நான் பார்ப்பது, அந்தக் கருத்தைச் சொன்னவர் வேறு என்ன செய்கிறார் என்பதை. அவருடைய மகன் மதிப்பெண் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டானா, அல்லது ஐபி என்னும் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளியில் படித்து, அமெரிக்கக் கல்லூரிகள் கேட்கும் எஸ்ஏடி தேர்வு எழுதி, அமெரிக்காவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறானா? அவருடைய நண்பர்கள் நடத்தும் நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது என்ன கேட்கின்றன? கேம்பஸுக்கு வரும் பல ஐடி நிறுவனங்களின் நிபந்தனை, 10, 12, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது. மேடையில் மதிப்பெண் முக்கியமில்லை என்று பேசும் அதே துறையின் வாசலில் இந்த வடிகட்டி இருக்கிறது. அதில் முதலில் அடிபடுவது, மதிப்பெண் முக்கியமில்லை என்பதை அப்படியே நம்பிய தறிக்காரர் வீட்டுப் பையன்.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று மணி நேரம் பாடம், மிச்ச நேரம் வீட்டுத் தொழிலைப் பழகுவது. ராஜாஜி அதைப் பகட்டுக்காகச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். உடலுழைப்போடு கலந்த கல்வி என்ற காந்தியச் சிந்தனை அதன் பின்னால் இருந்தது. கேட்க அழகான சிந்தனை. ஆனால் செருப்புத் தைப்பவரின் மகனுக்கு, சவரம் செய்பவரின் மகனுக்கு அது என்னவாக முடியும் என்பதைப் பெரியாரும் மற்றவர்களும் உடனே பார்த்துவிட்டார்கள், குலக்கல்வி என்று பெயரிட்டார்கள். 1954-இல் ராஜாஜி விலகி காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அன்றைக்குப் பெற்றோர்கள் அந்த அழகில் மயங்கித் தலையாட்டியிருந்தால், உங்கள் அப்பாவின் தறியில் நீங்களும் நின்றிருக்க வாய்ப்பு அதிகம்.

எனவே அந்த விருந்தில் நீங்கள் பட்டிக்காட்டானாக உணர்ந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அறையில் பட்டத்தின் விலையை உண்மையில் அறிந்த ஒரே ஆள் நீங்கள்தானோ என்னவோ. அடுத்த முறை வாயைத் திறந்து பேசுங்கள். சண்டை வேண்டாம். "உங்க பையன் எங்க சார் படிக்கிறான்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

அக்கா மகனிடம் ஸ்டார்ட்அப் கூடாது என்று சொல்லாதீர்கள். தோற்றால் திரும்ப எழுந்து நிற்க எத்தனை மாதம் ஆகும், அதுவரை வீட்டுச் செலவு யார் பார்ப்பார்கள் என்று அவனையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பணக்கார வீட்டுப் பையனுக்கு ஒரு வருடம் வீணானால் அது அனுபவம். இவனுக்கு அது அக்காவின் நகை. படித்துக்கொண்டே தொழில் தொடங்கட்டும், யார் தடுக்கிறார்கள்?

இன்னொன்று. அக்காவும் மாமாவும் அவர்களின் பெற்றோரும் பட்டதாரிகள் இல்லையென்றால், பையனுக்கு அண்ணன் அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், அவனுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் கிடைக்கும். கலந்தாய்வில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்திலும் தாலுகா ஆபீசிலும் கூட்டம் அள்ளும். இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழில் பெயர் எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.