கேள்வி பதில்: பழைய திரையை எடுத்துவிடலாமா?

கேள்வி: ஜவுளிக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறோம். நான்கு பேர் மட்டும் உள்ள சின்ன நிறுவனம். போன மாதம் பில் போடும் திரையை முழுக்கப் புதிதாக்கினோம். பார்க்க நன்றாக இருக்கிறது, தள்ளுபடிக் கணக்கில் பல வருடமாக இருந்த ஒரு தவறும் சரியாகிவிட்டது. ஆனால் தினமும் போன் வருகிறது, "பழையதையே குடுங்க" என்று. இரண்டையும் வைத்துக்கொண்டு எங்களால் சமாளிக்க முடியாது. என்ன செய்யலாம்?
வாசகர், ஈரோடு

பதில்: முதலில், உங்களைத் திட்டிய கடைகளில் ஒன்றுக்குப் போங்கள். கூட்டம் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போய், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நான் ஒரு மளிகைக் கடையில் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். பில் போடுகிற அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. கண் சாமான் மேல், வலது கை எண் விசைகள் மேல். சாமான் நம்பர், என்டர், எண்ணிக்கை, என்டர், மறுபடியும் ஒரு என்டர், கடைசியில் எஃப்8, பில் வந்து விழுகிறது. அந்த மறுபடி ஒரு என்டர் எதற்கு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை, அப்படித்தான் பழகியது என்றார். அது தள்ளுபடிக் கட்டத்தைத் தாண்டுவதற்கு. அந்தக் கட்டத்தை நீங்கள் வேறு இடத்துக்கு நகர்த்தினால் உங்கள் கண்ணுக்குத் திரை அழகாகத் தெரியும், ஆனால் அவர் விரல் பழையபடியே தட்டும், அடுத்த வரியில் தப்பாக ஏதாவது விழும், வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள், முதலாளியிடம் பேச்சு வாங்குவது அவர்தான்.

அதனால், "புதிய திரை" என்று நீங்கள் ஒரே பொட்டலமாகக் கட்டியதைப் பிரித்துப் பாருங்கள். நிறம், எழுத்தளவு, பட்டன் வடிவம் எல்லாம் உங்கள் விருப்பம், இரண்டு நாளில் பழகிவிடுவார்கள். விசை வரிசையில் மட்டும் கை வைக்காதீர்கள். புதிய வரிசை உண்மையிலேயே வேகமானது என்றால் அதை செட்டிங்கில் ஒரு தேர்வாகக் கொடுங்கள், புதிதாக வாங்குகிற கடைகள் அதிலேயே தொடங்கட்டும். இதற்கு இரண்டு திரை எழுத வேண்டியதில்லை. கணக்குப் போடுகிற பகுதி ஒன்றாகவே இருக்கும், கர்சர் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்பது மட்டும் ஒரு பட்டியல். நான்கு பேரால் தாராளமாகச் சமாளிக்கலாம்.

தள்ளுபடித் தவறு வேறு விஷயம். அதைத் திருத்தியது சரி, யார் கேட்டாலும் பழைய தவறைத் திரும்பக் கொடுக்காதீர்கள். ஆனால் போன வருட பில்லை இன்று மறுபடி அச்சடித்தால் அன்றைக்கு வந்த அதே தொகைதான் வர வேண்டும். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது தமிழ்நாட்டுக் கடைகள் ஒரே நாளில் புதிய கணக்குக்கு மாறின, ஆனாலும் ஜூன் மாதத்து வாட் (ஜிஎஸ்டிக்கு முந்தைய விற்பனை வரி) பில்லைத் திறந்தால் அது வாட் பில்லாகவே இருக்க வேண்டியிருந்தது. அதே முறைதான் இதற்கும். எந்தத் தேதியிலிருந்து புதிய கணக்கு என்பதை மென்பொருளுக்குள்ளேயே எழுதி வையுங்கள்.

பைத்தான் என்ற நிரல் மொழியின் கதை உங்களுக்கு உதவும். 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. மாற்றத்துக்கு நல்ல காரணம் இருந்தது, தமிழில் நிரல் எழுதியவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். பைத்தான் 2இல் 'தமிழ்' என்று சாதாரணமாக எழுதி நீளம் கேட்டால் பெரும்பாலும் 15 என்று வரும், ஏனென்றால் அது எண்ணியது எழுத்துகளை அல்ல, கணினி அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 பைட்டுகளை (ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று). பைத்தான் 3இல் 5 வரும் (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 3 வருவதில்லை, ஆனாலும் பெரிய முன்னேற்றம்). இந்தத் தொல்லைக்காகவே பைத்தான் 2இல் கவனமாக எழுதியவர்கள் யூனிகோடு (உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொது முறை) சொற்களுக்கு முன்னால் யு என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். புதிய பதிப்பு அந்த யு-வையே பிழை என்றது. ஒழுங்காக எழுதியவர்களின் நிரல்தான் முதலில் ஓடாமல் நின்றது! 2012இல் வந்த 3.3 பதிப்பில் யு-வைத் திரும்ப அனுமதித்தார்கள். ஒரே கோப்பை இரண்டு பதிப்பிலும் ஓட விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக மாறுவது அதன்பிறகு எளிதானது. 2015இல் நிறுத்துவதாக இருந்த பைத்தான் 2, 2020 வரை நீண்டது.

பழைய வரிசையை என்றைக்காவது எடுக்க வேண்டி வரலாம். அப்போது தேதியை முன்கூட்டியே சொல்லுங்கள், யார் இன்னும் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணுங்கள், அந்தக் கடைகளுக்கு நீங்களே போன் போடுங்கள். நான் ஒருமுறை யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்து எக்செல் ஏற்றுமதியில் ஒரு வெற்றுப் பத்தியை நீக்கினேன். ஒரு வாடிக்கையாளரின் கணக்கர் அந்த வெற்றுப் பத்தியில் தன் குறிப்புகளை ஒட்டுகிற மாதிரி ஒரு மேக்ரோ (தானாக ஓடும் சிறு நிரல்) வைத்திருந்தார். மாதக் கடைசியில் அவர் இரவு முழுக்க உட்கார்ந்து கையால் சரிபார்த்தார். அதற்கப்புறம் கேட்காமல் எதையும் எடுத்ததில்லை.

கேள்வி: எக்செலில் 60 என்று அடித்து தேதி வடிவத்துக்கு மாற்றினால் 29-02-1900 என்று காட்டுகிறது. 1900 லீப் வருடமே இல்லையே, இத்தனை வருடமாக ஏன் திருத்தவில்லை?
கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். எக்செல் ஒவ்வொரு தேதியையும் 1900 ஜனவரி 1இலிருந்து எத்தனையாவது நாள் என்ற எண்ணாகத்தான் வைக்கிறது. எக்செலுக்கு முன் கோலோச்சிய லோட்டஸ் 1-2-3 என்ற அதே வகை மென்பொருள் 1900ஐ லீப் வருடமாக எடுத்துக்கொண்டது. லோட்டஸ் கோப்புகளைத் திறந்தால் தேதிகள் ஒரு நாள் தள்ளிப் போகக் கூடாது என்பதற்காக எக்செலும் தெரிந்தே அதை அப்படியே வைத்துக்கொண்டது. இன்று திருத்தினால் அந்த நாளுக்குப் பிந்தைய தேதிகள் எல்லாவற்றின் எண்ணும் ஒன்று நகரும், உலகத்தில் உள்ள கோப்புகளை யார் போய்ச் சரிசெய்வது? திருத்துவதாக இருந்தால் ஆரம்பத்திலேயே திருத்த வேண்டும். 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய, நிரல்களைத் தொகுக்க உதவும் 'மேக்' கருவியில் கட்டளை வரி டேப் விசையில்தான் தொடங்க வேண்டும், இடைவெளி விட்டால் பிழை. அது தொல்லை என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்தது, ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைச் சிரமப்படுத்த மனம் வரவில்லை. இன்றைக்கும் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் அந்த டேப்பில் தடுக்கி விழுகிறார்கள். எனக்குக் கேட்டால், பன்னிரண்டு பேரிடம் அன்றைக்கே சொல்லி மாற்றியிருக்கலாம்.

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபப் பதிவேட்டில் 'ஸ்ரீ' என்று தேடினால் பாதிப் பெயர்கள் வருவதில்லை. கண்ணுக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கிறது.
வாசகர், கும்பகோணம்

பதில்: இரண்டு விதமாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். முதலில் யூனிகோடில் ஸ, புள்ளி, ரீ என்று சேர்த்துத்தான் இந்த எழுத்தை எழுதினோம். 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ஶ என்ற தனி எழுத்து சேர்ந்தது, அதை வைத்தும் எழுத முடிந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு எண்கள். ஒருமுறை கொடுத்த எண்ணை யூனிகோடு திரும்பப் பெறாது, அதனால் பழைய முறையில் எழுதிய எல்லாம் அப்படியே இருக்கும். பதிவேட்டில் உள்ள பெயர்களைத் திருத்தப் போகாதீர்கள். மென்பொருள் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லி, தேடுகிற நேரத்தில் மட்டும் ஶ்ரீயை ஸ்ரீயாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தேடுகிற சொல்லிலும் சரி, பதிந்த பெயரிலும் சரி. ஒரு மணி நேர வேலை.