காபூலுக்குப் படியளந்தது யார்? – கேள்வி பதில்

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். மக்களை ஆப்கானியர் என்று எழுதுங்கள். 'ஆப்கானி' ஆப்கானிஸ்தான் மன்னர் அமானுல்லா காலத்தில் வந்த நாணயம். 'ஆப்கானிகள் போராடினார்கள்' என்றால் ரூபாய்கள் போராடின என்றுதான் அர்த்தம்.

கே: அத்தனை சீர்திருத்தம் செய்த அமானுல்லாவை ஏன் விரட்டினார்கள்? ராணி சுரையா முக்காட்டை எடுத்ததாலா?

ப: அது பாதிக் கதை. 1928-ல் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு வந்தவர், காபூலுக்குப் பக்கத்திலுள்ள பக்மானில் லோயா ஜிர்கா, அதாவது நாட்டின் பெரியவர்கள் கூடும் பெருஞ்சபை, கூட்டினார். தலைப்பாகையும் நீள அங்கியுமாக வந்த ஊர்ப் பெரியவர்களுக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் டையும் மாட்டி உட்கார வைத்தார்கள். அவர்கள் ஊருக்குத் திரும்பி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் பார்ப்பது கஜானாவை. 1893-ல் பிரிட்டிஷ் இந்தியாவுடனான எல்லையான டியூராண்ட் கோட்டுக்கு ஒப்புக்கொண்ட அமானுல்லாவின் தாத்தா அப்துர் ரஹ்மானுக்கு பிரிட்டிஷார் தந்த ஆண்டு மானியம் 12 லட்சம் ரூபாயிலிருந்து 18 லட்சமானது. 1919-ல் அமானுல்லா பிரிட்டிஷாரோடு சண்டை போட்டு முழுச் சுதந்திரம் வாங்கினார். மானியமும் அதோடு நின்றது. பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் சொந்த ஜனங்களிடமே வரி; சிப்பாய் சம்பளத்திலும் வெட்டு. 1928 நவம்பரில் கிழக்கே ஷின்வாரி பழங்குடியினர் கலகத்துக்குக் கிளம்பியபோது அந்தச் சிப்பாய் யாருக்காகச் சாவான்? 1929 ஜனவரியில் வடக்கிலிருந்து வந்த கலகத் தலைவர் ஹபீபுல்லா கலகானி காபூலைப் பிடித்துவிட்டார்.

கே: ஆப்கானிஸ்தானை 'பேரரசுகளின் கல்லறை' என்கிறார்களே?

ப: மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். அது பத்திரிகைத் தலைப்பு, வரலாறு அல்ல.

கே: சோவியத் படை போனதும் அவர்கள் ஆதரித்த அதிபர் நஜிபுல்லா விழுந்துவிட்டாரே?

ப: விழவில்லை. 1989 பிப்ரவரி 15 அன்று சோவியத் படைத் தளபதி ஜெனரல் க்ரோமோவ் எல்லையிலுள்ள அமு தரியா பாலத்தைக் கடந்து போனார். அடுத்த மாதமே சோவியத்தை எதிர்த்த முஜாஹிதீன் போராளிகள் ஜலாலாபாத் நகரம் மேல் பாய்ந்தார்கள், முடியவில்லை. நஜிபுல்லா 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தார். சோவியத் ஒன்றியம் கலைந்து பணமும் எண்ணெயும் ஆயுதமும் நின்றன. காசு கொடுத்துக் கட்டிவைத்திருந்த வடக்குத் தளபதி தோஸ்துமின் படை கட்சி மாறியது. அப்புறம்தான் காபூல் போனது. இதோடு ஒப்பிடுங்கள்: 2021-ல் அமெரிக்கர்களின் கடைசி விமானம் கிளம்பியது ஆகஸ்ட் 30. அவர்கள் ஆதரித்த அதிபர் அஷ்ரஃப் கனி 15-ஆம் தேதியே ஓடிவிட்டார்.

கே: சோவியத்தை விரட்டியது தாலிபான்தானே?

ப: தாலிபான் 1994-ல் காந்தஹாரில் உருவானது. மேலே உள்ள தேதியைப் பாருங்கள்.

கே: 'ஆப்கான்' என்றாலே பஷ்தூன் இனம்தான். தாஜிக்குகளையும் ஹசாராக்களையும் நீங்களும் அதே பெயரில் அடைக்கிறீர்களே?

ப: நல்ல அடி. பழைய பாரசீக நூல்களில் அந்தச் சொல் பஷ்தூனைத்தான் குறித்தது. 1964 அரசியல் சாசனம் குடிமக்கள் எல்லோருமே ஆப்கான் என்றது. 2004 சாசனம் 14 இனங்களைப் பெயர் சொல்லி அதையே திரும்பச் சொன்னது. ஆனால் 2018-ல் மின்னணு தஸ்கிராவில், அதாவது அடையாள அட்டையில், 'ஆப்கான்' என்று அச்சடிப்பதா என்று பெரிய ரகளை. ஆட்சியில் பங்காளியான அப்துல்லா அப்துல்லாவே எதிர்த்தார்.

கே: அப்படியானால் உங்கள் முதல் வரியே தவறு!

ப: சரி, மாட்டிக்கொண்டேன். ஒரு ஹசாரா தன்னை 'ஆப்கானிஸ்தானி' என்று சொல்லிக்கொண்டால் நான் திருத்தப் போவதில்லை. அது அவர் உரிமை. ஆனால் 14 இனங்களையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டும். சாசனத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டேன்.

கே: அந்த 14-ல் பிராகுவி இருக்கிறதாமே, நம் சொந்தக்காரர்களா?

ப: மொழியால் ஆமாம், அது திராவிட மொழி. பேசுபவர்களில் பெரும்பாலோர் இருப்பது பாகிஸ்தான் பலூசிஸ்தானில். மற்றதை மொழியியல்காரர்களிடம் கேளுங்கள்.

கே: ஆப்கானிகள் ஏன் எப்போதும் சண்டை...

ப: நாணயம், ஐயா! நாணயம்!