மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தாமல் நகர மன்றம் கடன் வாங்க முடியுமா?

அமெரிக்காவின் டெக்சாஸில் முடியும். வழக்கமான கடன் பத்திரத்துக்கு வாக்காளர்களின் சம்மதம் வேண்டும். ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் 'கடப்பாட்டுச் சான்றிதழ்' என்று இன்னொரு வழியைத் திறந்துவிட்டது. இதற்கு மன்ற உறுப்பினர்களின் ஓட்டே போதும். கடனை அடைப்பதோ பெரும்பாலும் மக்கள் கட்டும் சொத்து வரி.

சரி, தடுக்கவே முடியாதா? கடனுக்கு ஒப்புதல் தருவதற்கு 45 நாட்களுக்கு முன்பே மன்றம் அறிவிப்பு வெளியிட வேண்டும். அதற்குள் பதிவு பெற்ற வாக்காளர்களில் 5 சதவீதம் பேர் கையெழுத்திட்டு மனு கொடுத்தால், வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும். பெரிய நகரத்தில் அத்தனை கையெழுத்து திரட்டுவது லேசான வேலை இல்லை. உடைந்த குடிநீர்க் குழாயைச் சரிசெய்ய, வாக்கெடுப்பு இல்லாத இந்தக் கடன் வழி சரி. புதிய அரங்கம் கட்ட மக்களைக் கேட்பதே நியாயம் என்பேன்.

அப்புறம், வாக்கெடுப்பில் தோற்ற திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, இந்த வழியில் கடன் வாங்க முடியாது.