ஆறு மாதக் கணக்கு

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்த வக்கீல், அரசியல்வாதி தாடியஸ் ஸ்டீவன்ஸ் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். நான் ஜூனியர் வக்கீல். இத்தனை கட்சி மாறியவரைக் கொள்கைவாதி என்று எப்படிச் சொல்கிறீர்கள்? 1821-ல் அவர் அடிமைகளை வைத்திருந்த ஒரு முதலாளிக்காக ஆஜரானதைச் சிலர் குறை சொல்கிறார்கள். வழக்கோடு வந்தவருக்காக வாதாடுவதுதானே தொழில்? வக்கீல்கள் அரசியலுக்கு வருவது நல்லதா?

ம.

அன்புள்ள ம.,

கட்சி மாறியதை விடுங்கள். அவர் இருந்த கட்சிகளில் பாதி அவர் கண்முன்னேயே கலைந்துபோனவை.

ஆனால் "தொழில்தானே" என்று ஒரு வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம். அந்த வழக்கைப் படித்தீர்களா? சாரிட்டி பட்லர் என்ற பெண். மேரிலாந்து மாநிலத்தில் அடிமை. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவுக்குப் பலமுறை அழைத்துவரப்பட்டவள். 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஆறு மாதம் தங்கவைக்கப்பட்ட அடிமைக்கு விடுதலை. அவள் வந்து போன நாட்களைக் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டிவிடும். முப்பது வயதுகூட ஆகாத கெட்டிஸ்பர்க் வக்கீல் ஸ்டீவன்ஸ் எழுந்து, கூட்டக்கூடாது, ஒரே தடவையாகத் தொடர்ந்து ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும் என்றார். நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். சாரிட்டியும் அவளுடைய குழந்தைகள் இருவரும் மறுபடி அடிமைகள்.

என் அப்பா வக்கீல் குமாஸ்தா. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகக் கேஸ் கட்டு தைப்பார். ஒருநாள் சாப்பிடாமல் படுத்துவிட்டார். எதிர்த்தரப்புக் கிழவி கெடு தாண்டித் தாக்கல் செய்திருக்கிறாள். அதை நாள் எண்ணிக் கண்டுபிடித்துச் சீனியரிடம் சொன்னவர் அப்பாதான். தள்ளுபடி. தீர்ப்பு புரியாமல் அந்தக் கிழவி அப்பாவிடமே வந்து, "அடுத்த வாய்தா எப்பய்யா?" என்று கேட்டாளாம். அப்பா அந்தத் தொழிலை விடவில்லை. ஆனால் அது வெறும் தொழில் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த ஆறு மாதக் கணக்கு ஸ்டீவன்ஸையும் விடவில்லை என்றே நான் நம்புகிறேன். அப்புறம் தப்பி வந்த அடிமைகளுக்காகக் காசு வாங்காமல் வாதாடினார். கறுப்பர்களின் வாக்குரிமையைப் பறித்ததால், 1838-ல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சட்டத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். இலவசப் பள்ளிச் சட்டத்தை 1835-ல் காப்பாற்றியது, உள்நாட்டுப் போரில் 1863-ல் தென் மாநிலங்களின் படை அவருடைய இரும்பாலையைக் கொளுத்தியது எல்லாம் தனிக்கதைகள். கடைசியில் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம். யாருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்கிற திருத்தம். அதை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முன்நின்று நடத்தியவர்களில் அவர் ஒருவர். அவர் கேட்ட அளவுக்கு அது போகவில்லை. அதைச் சபையிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆதரித்தார். 1868 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டில் அவர் இறந்தார். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடுகாடுகளை ஒதுக்கிவிட்டு, எல்லோரையும் புதைக்கிற ஒரு சின்ன இடுகாட்டைத் தனக்குத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். காரணத்தையும் கல்லில் எழுதச் சொல்லியிருந்தார்.

இத்தனையும் சாரிட்டியை மீட்டுத் தராது தம்பி. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

சரி, அரசியலுக்கு வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. உங்கள் சீனியரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். நான் முதலில் அந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொல்வேன். பட்லர் எதிர் டிலப்ளேன், 1821. படித்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.